நட்சத்திர ஆமைக்குப் பிஸ்கட் வேண்டாம்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். அதே ஊரில் நட்சத்திர ஆமை வளர்த்தால் பணம் கொட்டும் என்றும் சொல்வார்கள்! எப்படியானாலும், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

இது தரை ஆமை. தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூழ்கிவிடும். வனத்துறையினர் அதை வீட்டிலிருந்து மீட்டு வந்ததும் காய்ந்த மண், பாதி வெயில், பாதி நிழல், ஒளிந்துகொள்ளப் புல்புதர், தாழ்வான தட்டில் தண்ணீர் வேண்டும். சோறும் பிஸ்கட்டும் தின்று பழகியது புல்லைக் கண்டால் தலையை இழுத்துக்கொள்ளும். பழைய தீனியில் செம்பருத்தி இலையைப் பொடியாக நறுக்கிக் கலந்து, நாளாக நாளாக இலையைக் கூட்ட வேண்டும். முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலையும் விரும்பித் தின்னும்.

2018இல் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூரு வந்தன. அவற்றை உடனே காட்டில் விடவில்லை. தனியே வைத்துப் பழக்கத் திட்டமிட்டார்கள்.

ஆற்காடு, ஆம்பூர் பக்கம் உங்கள் கையில் ஒன்று கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களாகக் காட்டில் விட்டால், அதன் நோய் அங்குள்ள ஆமைகளுக்கும் தொற்றலாம்.