கறிவேப்பிலைச் செடி தூங்குகிறது!

கொல்லையிலோ மாடித் தொட்டியிலோ கறிவேப்பிலைக் கன்று வளர்க்கும் சகோதரிகளுக்கு மார்கழி வந்தாலே கவலைதான். கார்த்திகை வரையில் தளதளவென்று நின்ற செடி துளிர்ப்பதை நிறுத்திவிடுகிறது. அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்து உதிர்கின்றன. தை பாதி கழிவதற்குள் வெறும் குச்சிதான் மிச்சம். "சரி, போயிற்று!" என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காய்காரரிடம் ஒரு கொத்துக்குக் கையேந்துகிறோம். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குச்சிகளில் பலவற்றுக்கு உயிர் இருக்கிறது.

வேலூர் என்றால் வெயில்தானே, அங்கே குளிர் எங்கிருந்து வந்தது என்று சென்னை நேயர்கள் சிரிப்பார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு தை மாதம் தங்கிப் பாருங்கள். கடல் தொலைவில், சுற்றிலும் மலை. மழைக்காலம் முடிந்து வானம் துடைத்து விட்டாற்போல் ஆனதும், பகலில் பூமி வாங்கிய சூடு இரவில் தடையின்றி மேலே போய்விடுகிறது. போர்த்திக்கொள்ள மேகம் இல்லை. சில விடியற்காலைகளில் தெர்மாமீட்டர் 15 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. ஜவ்வாது மலையில் காவலூரில், சுமார் 725 மீட்டர் உயரத்தில், வானாராய்ச்சி நிலையம் அமைத்து, 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை நிறுவினார்களே, அவர்களுக்கு வேண்டியதும் இந்தத் தெளிந்த வானம்தான். நட்சத்திரம் பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம்; நம் செடிக்குத் திண்டாட்டம்!

இனி செடியின் கதைக்கு வருவோம். கறிவேப்பிலை வெயிலின் பிள்ளை. குளிர் 13, 16 டிகிரி என்று இறங்கும்போது அதன் மொட்டுகள் உறங்கப் போய்விடுகின்றன. புதுத் துளிர் கிடையாது; பழைய இலையும் நிற்காது. ஆனால் தண்டும் வேரும் விழித்துக்கொண்டே இருக்கின்றன. மேல் தண்டு பட்டுப்போனாலும், வேரிலிருந்து பக்கக் கன்று கிளம்பும் குணம் இதற்கு உண்டு.

ஆம்பூரில் ஓர் அம்மாள் வீட்டில் இப்படித்தான். தாயார் உயிரோடிருந்தபோது திருப்பத்தூரிலிருந்து தம் கையால் பெயர்த்துக் கொடுத்த கன்று அது. தை மாதத்தில் மொட்டையாகிப் போன அதைப் பார்த்து அந்த அம்மாள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். பிடுங்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான், "இருடியம்மா, நகத்தாலே கீறிப் பாரு" என்றாளாம். கீறினால் தோலுக்கடியில் பச்சை! பங்குனியில் அடியிலிருந்து மூன்று துளிர் வந்துவிட்டது.

நீங்களும் கீறிப் பாருங்கள். பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே கீறுங்கள். அடிவரை காய்ந்திருந்தாலும் பங்குனி வரை மண்ணைக் கிளறாமல் விட்டு வைக்கலாம். இடத்துக்கு வாடகையா கேட்கிறார்கள்?

இதில் ஒரு வேடிக்கை. குளிரில் சாகாத செடி நம் அன்பினால் சாகிறது. வாடுகிறதே என்று குடம் குடமாக ஊற்றுகிறோம். தூங்குகிற செடி தண்ணீர் குடிக்காது. தொட்டியில் நீர் தேங்கி வேர் அழுகிவிடுகிறது. மேல் மண் காய்ந்த பிறகு, வெயில் ஏறியதும் கொஞ்சம் ஊற்றினால் போதும். எருவும் இப்போது வேண்டாம். புளித்த மோர் ஊற்றுகிறவர்களும் மாசி முடியட்டும்; உப்புப் போட்ட மோரோ எப்போதுமே கூடாது. தொட்டியை மேற்குச் சுவரோரம் நகர்த்தி வையுங்கள். பகலெல்லாம் காய்ந்த சுவர் இரவில் கொஞ்சம் கதகதப்புத் தரும்.

உப்பு என்றதும் இந்த வட்டாரத்தின் பெரிய சங்கடம் நினைவுக்கு வருகிறது. தோல் கெடாமல் இருக்க உப்பிட்டு வைப்பார்கள். அதை ஊறவைத்துக் கழுவிய நீர் பல்லாண்டுகள் பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கியது. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததால் கிணறு இனித்துவிடுமா? ஆகவே உங்கள் செடி வாடினால் குளிரா, உப்பா என்று முதலில் பாருங்கள். குளிர் என்றால் அடி இலை முழுதுமாக மஞ்சளித்து உதிரும். உப்பு என்றால் இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்தாற்போல் கருகும். அதற்கு மழைநீர்தான் மருந்து; தொட்டியின் அடித்துவாரம் வழியாக உப்பு வெளியேறும்படி தாராளமாக ஊற்றி வடியவிட வேண்டும். அதையும் குளிர் தணிந்த பிறகு செய்யுங்கள்.

உறைபனி விழும் ஊர்களில் இந்தச் சலுகை கிடையாது. லண்டனிலும் டொரான்டோவிலும் குடியேறிய நம்மவர்கள் கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள், ஜன்னலோரம், குழந்தையைப் போல் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். இந்தச் செடியின் சாஸ்திரப் பெயரிலேயே ஒரு குளிர்நாட்டுக்காரர் இருக்கிறார் தெரியுமா? லின்னேயஸின் மாணவர் கோனிக், 1768-ல் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தவர். அவர் பெயரால்தான் 'கோனிகி' என்கிறார்கள்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த மாசிப்பனியும் போகட்டும். பிறகு காய்ந்த நுனியைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டிவிட்டு, மக்கிய எரு ஒரு கைப்பிடி போடுங்கள். துளிர் வந்ததும் ரசத்துக்கென்று கிள்ளிவிடாதீர்கள். நாலைந்து கிளை பிரியட்டும்.