ஸ்டிக்கரைப் பார்க்காதே... சிலபஸைப் பார்!

‘‘டேய், கிராபிக்ஸ் கார்டு இருக்கணும். ‘ஐ-செவன்’ ஸ்டிக்கர் இருக்கணும். கீபோர்டுல கலர் கலரா லைட் எரியணும். அவ்ளோதான்டா மேட்டர்!’’

2023-ல் இ.சி.இ. முதல் வருஷம் சேர்ந்தப்போ, கேன்டீன்ல வெச்சு ஒரு சீனியர் எனக்கு அருளிய லேப்டாப் உபதேசம் இது. கூடவே என் காசுல ரெண்டு சமோசாவும் சாப்பிட்டார். அதையாவது மன்னிச்சுடலாம். உபதேசத்தைத்தான் இன்னும் மன்னிக்க முடியல.

அம்மா ரெண்டு வருஷமா கட்டின சீட்டை எடுத்து, 68 ஆயிரம் ரூபாயை என் கையில கொடுத்தாங்க. ஐ-செவன் பட்ஜெட்டுக்கு எட்டல. ‘ஐ-ஃபைவ்’ போட்ட ஒரு கேமிங் லேப்டாப்பை வாங்கிட்டு வந்தேன். கீபோர்டு லைட்டைப் பார்த்துட்டு அப்பா, ‘‘என்னடா, சீரியல் செட்டு மாதிரி எரியுது!’’ன்னார். எனக்குப் பெருமை தாங்கல.

அந்தப் பெருமைக்கு ஆயுசு ஒரே வாரம். லேப்டாப் 2.3 கிலோ. சார்ஜர் மட்டும் தனியா அரை கிலோவுக்கு மேல. அதைத் தூக்கிட்டு செங்கல்பட்டுல இருந்து தாம்பரம் வரைக்கும் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தொங்கிப் பாருங்க, தெரியும். சரி, கிளாஸுக்குக் கொண்டுபோய்ட்டோம்னு திறந்தா, ரெண்டரை மணி நேரத்துல சார்ஜ் காலி. எங்க கிளாஸ்ரூம்ல அறுபது பேருக்கு இருந்தது ரெண்டே ரெண்டு பிளக் பாயின்ட். அதுல ஒண்ணு வேலை செய்யாது!

பக்கத்து பெஞ்ச் நண்பன், அவன் அக்கா பிளஸ் டூ படிச்சப்போ அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பைக் கொண்டுவந்தான். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டி, லினக்ஸ் போட்டிருந்தான். அந்த வருஷம் நாங்க ரெண்டு பேரும் எழுதினது அதே சி புரோகிராம்தான். லேப்ல மார்க் அவனுக்குத்தான் ஜாஸ்தி.

அப்பத்தான் உறைச்சது. நான் வாங்கினது மோசமான லேப்டாப் இல்ல. அது வேற யாருக்கோ பொருத்தமான லேப்டாப்!

2025 ஜூன்ல தங்கச்சி பி.காம். சேர்ந்தா. அப்பா 45 ஆயிரத்தை என்கிட்ட கொடுத்து, ‘‘நீதான இன்ஜினீயருக்குப் படிக்கிற, நீயே பாத்து வாங்கிக் குடு’’ன்னுட்டார். இந்த முறை சொதப்பக் கூடாதுன்னு ஒரு மாசம் அலைஞ்சு கத்துக்கிட்ட பாடங்கள்தான் இந்தக் கட்டுரை. நம்ம வீட்டுக் காசு பாஸ்... கொஞ்சம் பொறுமையா படிங்க!

முதல்ல டிபார்ட்மென்ட்!

கடைக்குப் போறதுக்கு முன்னாடி சிலபஸைக் கையில எடுங்க. நாலு வருஷத்துல என்னென்ன சாஃப்ட்வேர் வருதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. பாதி முடிவு அங்கேயே தெரிஞ்சுடும்.

மெக்கானிக்கல், சிவில் மக்களே... சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, ரெவிட் எல்லாம் விண்டோஸ்லதான் ஓடும். பெரிய பெரிய மாடல் போடப் போறீங்கன்னா, தனி கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்கற காசு நியாயமானது. அந்தக் கேமிங் லேப்டாப் உங்களுக்குத்தான் செஞ்சிருக்காங்க, எனக்கில்ல!

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி.க்கு ரேம்தான் ராஜா. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையும் எமுலேட்டரையும் சேர்த்துத் திறந்தா 8 ஜிபி மூச்சு வாங்கும். 16 ஜிபி இருந்தா நிம்மதி. ‘மெஷின் லேர்னிங் படிக்கணும், அதுக்காகக் கிராபிக்ஸ் கார்டு’ன்னு வீட்ல கேட்கறவங்க கவனிங்க. கூகுள் கோலாப்ல இலவசமாவே ஜி.பி.யு. கிடைக்குது. நேரக் கட்டுப்பாடு உண்டு. ஆனா கத்துக்கற ஸ்டேஜுக்கு அது தாராளம்.

எங்க இ.சி.இ.க்கு மாட்லாப், கீல், விவாடோ. இதுல விவாடோ வயித்தெரிச்சல் பார்ட்டி. டிஸ்க்ல 50 ஜிபிக்கு மேல அசால்ட்டா முழுங்கும். அதனால 256 ஜிபி வாங்காதீங்க, 512 வாங்குங்க. விஸ்காம் மாணவர்கள் பிராசஸரை விட ஸ்க்ரீனுக்கு அதிகம் கொடுக்கணும். பி.காம்., பி.பி.ஏ.வுக்கு எக்ஸெல், டேலி, பிரவுசர் போதும். எதுவும் பெரிய சுமை இல்ல. ஆனா டேலிக்கும் விண்டோஸ் வேணும்.

‘ஆப்பிள் வாங்கலாமா?’ன்னு கேட்கறீங்களா? நல்ல பேட்டரி, நல்ல ஸ்க்ரீன். 2024 அக்டோபர்ல இருந்து மேக்புக் ஏர் ஆரம்ப மாடலுக்கே 16 ஜிபி ரேம் வந்துடுச்சு. ஆனா சாலிட்வொர்க்ஸும் விவாடோவும் டேலியும் அதுல நேரா ஓடாது. உங்க பேப்பர்ல அந்தப் பேருங்க இருந்தா, ஆசையை வேலை கிடைச்ச பிறகு வெச்சுக்கங்க.

ஸ்டிக்கர் புராணம்

‘ஐ-த்ரீ’யை விட ‘ஐ-செவன்’ பெருசுன்னு நினைக்கறோம். ஒரே தலைமுறைக்குள்ள, ஒரே வகைக்குள்ள அது உண்மை. தலைமுறை மாறினா கதையே வேற!

இன்டெல்ல ‘ஐ-ஃபைவ்’க்குப் பக்கத்துல வர்ற நம்பரைப் படிங்க. 8250யூன்னா 8-வது தலைமுறை. 1235யூன்னா 12-வது. ஏழாவது தலைமுறை ஐ7-7500யூல ரெண்டே கோர். பன்னிரண்டாவது தலைமுறை ஐ3-1215யூல ஆறு கோர். சின்னப் பையன் தாத்தாவை ஓட்டத்துல ஜெயிச்சுடுவான்! கடைசி எழுத்தும் முக்கியம். ‘யூ’ன்னா கரன்ட் கம்மியா குடிக்கும், பேட்டரி நிக்கும். ‘ஹெச்’னா வேகம் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி. 2023 டிசம்பருக்கு அப்புறம் ‘கோர் அல்ட்ரா’ன்னும், ‘ஐ’ இல்லாம வெறும் ‘கோர் 5’ன்னும் பேர் மாத்திட்டாங்க. பேர் புதுசா இருக்கறதால உள்ளே இருக்கறதும் புதுசுன்னு நம்பிடாதீங்க. முழு மாடல் நம்பரையும் நெட்ல தட்டிப் பாருங்க.

ஏ.எம்.டி. ரைஸன் இன்னும் குசும்பு. ரைஸன் 5 7520யூ, ரைஸன் 5 7530யூ... ரெண்டுக்கும் ஒரு நம்பர்தான் வித்தியாசம். ஆனா முதலாவது நாலு கோர், 2019-ல வந்த ‘ஜென் 2’ டிசைன். ரெண்டாவது ஆறு கோர், அதுக்கடுத்த ‘ஜென் 3’ டிசைன். இந்த 7000 வரிசையில மூணாவது இலக்கம்தான் டிசைனைச் சொல்லும். ‘2’ன்னா பழசு, ‘4’ன்னா புதுசு. கடையில அந்த இலக்கத்தைப் படிக்காம, ‘‘ரைஸன் ஃபைவ் சார், செவன் தவுசண்ட் சீரிஸ்!’’னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சுடுவாங்க.

ஒட்டின ரேம்... ஒட்டாத ரேம்!

‘‘இப்ப 8 ஜிபி வாங்கிக்க. அப்புறம் ஏத்திக்கலாம்.’’ நான் போன எல்லாக் கடையிலயும் கேட்ட டயலாக் இது. ஏத்த முடியுமாங்கறதுதான் கேள்வி. நிறைய மெல்லிய லேப்டாப்கள்ல ரேமை போர்டோடயே சால்டர் பண்ணி ஒட்டிடறாங்க. மேல சொன்ன 7520யூ அப்படிப்பட்ட ரேமோடதான் வரும். 8 ஜிபி வாங்கினா கடைசி வரைக்கும் 8 ஜிபிதான்.

அதனால ‘ஸ்லாட் காலியா இருக்கா?’ன்னு கேளுங்க. கடைக்காரர் தலையை ஆட்டினா போதாது. அந்த மாடலோட ஸ்பெக் பேஜ்ல கண்ணால பாருங்க. 2025 கடைசியில இன்னொரு கூத்து நடந்தது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்பை எல்லாம் அள்ளிட்டுப் போக, ரேம் விலை எகிறிடுச்சு. அதனால ‘அப்புறம் ஏத்திக்கலாம்’கறது எப்பவும் லாபம்னு சொல்ல முடியாது. ரெண்டு விலையையும் கூட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

எஸ்.எஸ்.டி. இல்லாத லேப்டாப்பை இலவசமா கொடுத்தாலும் யோசிங்க. 512 ஜிபி வாங்கினா விண்டோஸ்ல 476-ன்னு காட்டும். யாரும் திருடல, கணக்குப் பண்ற முறைதான் வேற! ஸ்க்ரீன்ல ‘ஐ.பி.எஸ்.’ இருக்கான்னு பாருங்க. கடையில சாய்வா நின்னு பார்த்தா நிறம் வெளுத்துப்போகுதா? நகர்ந்துடுங்க.

பேட்டரி: ஒரு வகுத்தல் கணக்கு

‘10 மணி நேரம் பேட்டரி’ன்னு அட்டைப்பெட்டியில போட்டிருப்பாங்க. அதை விட்டுட்டு ‘வாட் ஹவர்’ நம்பரைத் தேடுங்க. 50 வாட் ஹவர் பேட்டரி, லேப்டாப் 10 வாட் குடிக்குதுன்னா அஞ்சு மணி நேரம். 20 வாட் குடிச்சா ரெண்டரை மணி நேரம். என் ‘சீரியல் செட்’ ரெண்டாவது வகை. எட்டாங்கிளாஸ் வகுத்தலைக் கடையிலயே போட்டிருந்தா அம்மாவோட சீட்டுப் பணத்துல பாதி மிஞ்சியிருக்கும்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு மதியம்

செகண்ட் ஹேண்டும் பாத்துடலாம்னு தங்கச்சியோட சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். ஆபீஸ்கள்ல பயன்படுத்திட்டு மாத்தின லேப்டாப்களைச் சுத்தம் பண்ணி ‘ரீஃபர்பிஷ்டு’ன்னு விக்கறாங்க. உறுதியான பாடி, நல்ல கீபோர்டு. காசு இறுக்கமா இருக்கறவங்களுக்கு நிஜமாவே நல்ல வழி.

ஒரு கடையில, ‘‘ஐ-செவன், 16 ஜிபி, 18 ஆயிரம்தாம்மா!’’ன்னாங்க. தங்கச்சி கண்ணு விரிஞ்சது. நான் நம்பரைப் பார்த்தேன். ஆறாவது தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல பொதுவா 8-வது தலைமுறைல இருந்துதான் அதிகாரப்பூர்வ அனுமதி. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடியப்போகுதுன்னு ஏற்கெனவே சொல்லியிருந்தாங்க. சொன்னபடியே முடிஞ்சும் போச்சு. லினக்ஸ் போட்டுக்கறவங்களுக்கு அது பிரச்னையே இல்ல. டேலி போட வேண்டிய தங்கச்சிக்கு அது நாலு மாசத்து லேப்டாப்! ‘‘வாண்ணா போலாம்’’னு அவளே கையைப் பிடிச்சு இழுத்துட்டா.

ஜீரோ காஸ்ட்... நிஜமாவா?

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ல வட்டி மாயமா மறைஞ்சுபோறதில்ல. பேங்க் வட்டி போடுது. அந்த அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுக்கறாங்க. ஆனா அந்த வட்டிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி.யும், பல கார்டுகள்ல பிராசஸிங் கட்டணமும் உங்க தலையிலதான். அதனால முதல் கேள்வி இதுதான்: ‘‘முழுக் காசா கொடுத்தா எவ்வளவுண்ணே?’’ அந்த விலைக்கும், மொத்தத் தவணைக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்க கட்டற நிஜ வட்டி. மொத்தமா கொடுக்க முடியாத வீடுகள்ல தவணை ஒண்ணும் குத்தமில்ல. தெரிஞ்சு கட்டுங்க, அவ்ளோதான்.

பில் போடறதுக்கு முன்னாடி... டிக் அடிங்க!

* பிராசஸரோட முழு நம்பரை எழுதிக்கிட்டீங்களா?
* ரேம் ஒட்டினதா, ஸ்லாட்டா? ஸ்லாட் காலியா இருக்கா?
* சார்ஜரையும் சேர்த்து பையில போட்டு, தோள்ல மாட்டி அஞ்சு நிமிஷம் நின்னு பார்த்தீங்களா?
* கீபோர்டுல நாலு வரி டைப் அடிச்சீங்களா? எல்லா யு.எஸ்.பி. போர்ட்லயும் பென் டிரைவ் சொருகிப் பார்த்தீங்களா?
* சர்வீஸ் சென்டர் உங்க ஊர்ல இருக்கா, இல்ல நாலு பஸ் மாறணுமா?
* பழசுன்னா, விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, பேட்டரி முதல்ல எவ்வளவு தாங்கினது, இப்ப எவ்வளவு தாங்குதுன்னு ஒப்பிட்டீங்களா?
* மாணவர்களுக்கு ஆட்டோகேட், ரெவிட் இலவசம்னு தெரியுமா? ‘கிராக்’ போட்டுத் தர்றேன்னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க!

கடைசியில என்னதான் வாங்கினோம்? 14 இன்ச், 1.4 கிலோ, 13-வது தலைமுறை ‘ஐ-த்ரீ’. 8 ஜிபி ரேமோட ஒரு ஸ்லாட் காலியா இருந்தது. அப்பவே இன்னொரு 8 ஜிபி போட்டுட்டோம். எல்லாம் சேர்த்து 40 ஆயிரம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஸ்டிக்கரைப் பார்த்துட்டு, ‘‘என்னடா, உனக்கு அஞ்சு, இவளுக்கு மூணா?’’ன்னு முறைச்சார். மிச்சம் 5 ஆயிரத்தை அம்மா கையில கொடுத்தேன். அம்மா ஒண்ணும் சொல்லல. எண்ணிப் பார்த்து, சீட்டு நோட்டுக்குள்ள வெச்சுக்கிட்டாங்க.

தங்கச்சி காலையில சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போனா, சாயங்காலம் வரைக்கும் சார்ஜரைத் தேடறதில்ல. எனக்கு புராஜெக்ட் ரிவ்யூ வர்ற நாள்ல மட்டும் எங்க வீட்ல ஒரு சீன் நடக்கும்.

‘‘பாப்பா... இன்னிக்கு ஒருநாள் உன் லேப்டாப்பைக் குடேன்!’’

‘‘ஏண்ணா, உன்னுதுலதான் கலர் கலரா லைட் எரியுமே?’’