முல்லையாற்று நீரின் தரத்துக்கு யார் பொறுப்பு?

திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 1886இல் 999 ஆண்டுகளுக்குச் செய்துகொள்ளப்பட்ட குத்தகை ஒப்பந்தத்தின்படி, பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து 1895 முதல் கிழக்கே திருப்பப்படும் பெரியாற்று நீர், இன்று லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்த பின் முல்லையாறாகக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எனப் பல ஊர்களைக் கடந்து வைகை அணையைச் சேர்கிறது. தமிழ்நாடும் கேரளமும் வழக்காடி வருவது பெரும்பாலும் அணையின் உறுதியையும் நீர்மட்டத்தின் அடிக்கணக்கையும் பற்றியே. மலையிறங்கிய நீரின் தரம் அரிதாகவே பேச்சுக்கு வருகிறது.

வழியிலுள்ள ஊர்களிலிருந்து ஆற்றில் கலக்கும் சாக்கடைக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது செலவாகும் ஆக்சிஜனின் அளவுக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பெயர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறைப்படி, குளிக்கத் தகுந்த ஆற்றுநீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. நிறைந்தோடும் ஆறு இச்சுமையைப் பெருமளவு நீர்க்கச் செய்துவிடும் என்றாலும், போகம் முடிந்து அணைத் திறப்பு சுருங்கும் கோடையில் அதே சாக்கடை கரைவதற்குப் போதிய நீர் இருப்பதில்லை. ஆகவே மதகைத் திறக்கும் நீர்வளத்துறையும் சாக்கடைக்குப் பொறுப்பான நகராட்சி, பேரூராட்சிகளும் தனித்தனியே முடிவெடுத்துப் பயனில்லை.

இதே பள்ளத்தாக்கில் சண்முகா நதி அணையை ஒட்டிய ராயப்பன்பட்டி வட்டாரத்தின் சிக்கல் வேறு. திராட்சைக் கொடிகளில் அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிக்கப்படும் போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. அதிலுள்ள செம்பு சிதையாமல் மண்ணைப் பற்றிக்கொண்டு, கனமழையில் அரித்தோடும் வண்டலுடன் செல்லக்கூடியது. சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியே வராத இதை, வலுவான வரப்பும் கரையோரப் புல்லுமே ஓரளவு தடுக்கும்.

இப்படிப் பலருக்கும் உரிய பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. ரைன் ஆற்றுக்கு 1950இலேயே கூட்டு ஆணையம் கண்ட ஐரோப்பிய நாடுகள், பிரான்சின் பொட்டாஷ் சுரங்கங்கள் ஆற்றில் கொட்டிய உப்பைக் குறைக்க 1976இல் ஒப்பந்தம் செய்தபோது, செலவில் மிகப்பெரிய பங்கான 34 விழுக்காட்டை ஏற்றது உப்பைக் கொட்டிய பிரான்ஸ் அன்று, கடைமடையில் இருந்த நெதர்லாந்து. நியாயமா என்று கேட்கலாம். ஆனால் அந்த நீரை நம்பியிருந்ததால்தான் அந்நாடு பணத்தோடு பேச்சுக்கு வந்தது.

வைகை அணை நீரைப் பருகிவந்த மதுரைக்கும் முல்லையாற்றின்மேல் அத்தகைய அக்கறை இருந்திருக்க வேண்டும். மாறாக, நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் நீரை லோயர் கேம்ப்பிலேயே எடுத்துக் குழாய்வழி மதுரைக்குக் கொண்டுசெல்லும் திட்டம் வகுக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் பாசனத்தை எண்ணி அதை எதிர்த்தார்கள். சாக்கடையைக் கரைக்கும் நீரில் ஒரு பங்கு குறைவதோடு, கீழிருந்து கேள்வி கேட்கக்கூடிய ஒரு மாநகராட்சியும் ஆற்றிலிருந்து ஓரளவு விலகிக்கொள்கிறது என்பது அந்த எதிர்ப்பில் அதிகம் பேசப்படாத பக்கம்.