சுடும் எந்திரத்துக்கு ஒரு ரப்பர் சட்டை!

கொல்லிமலை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது?

வல்வில் ஓரி ஆண்ட மலை. அறப்பளீசுவரர் கோவில். ஆகாயகங்கை அருவி. பலா, மிளகு, காப்பி. அப்புறம், காரவல்லியைத் தாண்டியதும் வயிற்றைப் புரட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள்!

தமிழ் படித்தவர்களுக்குக் கொல்லிப்பாவையும் நினைவுக்கு வரும். பார்த்தவரை மயக்கும் அழகிய பொம்மை அது. தெய்வம் செய்து வைத்தது என்று பழைய நூல்கள் சொல்கின்றன.

அந்த மலையில் இப்போது மனிதன் செய்த எந்திரம் ஒன்று பொம்மை செய்கிறது. ஒரு நண்பர் வீட்டில் அது இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் நான் போன நேரம், எந்திரம் படுத்துவிட்டது!

பாதி இதயம்

நண்பரின் வீடு செம்மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுத் திண்ணையை அடுத்த சிறிய அறையில், தையல் எந்திரம் அளவுக்கு ஒரு சட்டம் நின்றது. அதன் தட்டில் சிவப்பு நிறத்தில் ஏதோ ஒன்று, பாதியில் நின்றிருந்தது.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"இதயம், மாமா" என்றாள் நண்பரின் மகள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். "பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு. இன்னும் பத்து நாள்தான் இருக்கு. பாதியிலேயே நின்னுபோச்சு."

அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இந்த எந்திரத்தைத் "திரீ-டி பிரிண்டர்" என்கிறார்கள். காகிதத்தில் எழுத்தை அச்சிடுவது போல, இது பொருளையே அச்சிடுகிறது.

எப்படி என்கிறீர்களா? ஜாங்கிரி பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். துணியில் மாவை வைத்து, சுற்றிச் சுற்றிப் பிழிவார்கள் அல்லவா? இதுவும் அப்படித்தான். மாவுக்குப் பதில் பிளாஸ்டிக் கம்பி. துணிக்குப் பதில் உலோக மூக்கு. மூக்கின் துவாரம் 0.4 மில்லிமீட்டர்தான்! கம்பி உருகி அதன் வழியே நூலாக வெளியே வருகிறது. கணிப்பொறி சொல்லும் கோட்டில் எந்திரம் அதைப் பிழிகிறது. ஒரு சுற்று முடிந்ததும் அதன் மேலே அடுத்த சுற்று. ஒரு சுற்றின் உயரம் 0.2 மில்லிமீட்டர். ஆறு சென்டிமீட்டர் உயரமுள்ள இதயத்துக்கு 300 சுற்று!

பிளாஸ்டிக் உருக வேண்டுமானால் சூடு வேண்டும். மக்காச்சோளம், கரும்பு முதலியவற்றிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்குக்குச் சுமார் 200 டிகிரி. வேறு சில வகைகளுக்கு 240 டிகிரி. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தச் சூட்டைத் தருவது மூக்குக்கு மேலே உள்ள ஓர் அலுமினியக் கட்டி. தீப்பெட்டியில் கால் பங்குகூட இராது. கொல்லிமலைக்கு அலுமினியம் புதிதல்ல. இந்த மலை மேல் பாக்சைட் என்ற தாதுக்கல்லை வெட்டி எடுத்தார்கள். லாரி லாரியாக அது மேட்டூருக்கு இறங்கியது. அங்கே மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965-ம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிற்று. 2008-ல் அங்கே அலுமினிய உற்பத்தி நின்றுபோயிற்று. நண்பரின் எந்திரத்தில் உள்ள கட்டி எந்த ஊர் மண்ணோ, யார் கண்டார்கள்!

சட்டை கிழிந்த கதை

சரி, எந்திரம் ஏன் நின்றது?

அதன் சட்டை கிழிந்துவிட்டது!

வேடிக்கை அல்ல. அந்தச் சூட்டுக் கட்டிக்கு ரப்பர் போன்ற ஓர் உறை போட்டிருப்பார்கள். வெளிநாட்டார் அதைக் "காலுறை" என்றே அழைக்கிறார்கள். நண்பர் வீட்டில் அதற்குச் "சட்டை" என்று பெயர்.

சட்டை எதற்கு? மூக்குக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு விசிறி சுற்றுகிறது. பிழிந்த பிளாஸ்டிக் உடனே இறுக வேண்டும். அதற்காகக் காற்று அடிக்கிறது. அந்தக் காற்று கட்டி மேலும் பட்டால் கட்டி குளிர்ந்துவிடும். ஒரு பக்கம் சூடு ஏற்ற வேண்டும். மறு பக்கம் காற்று அதை இறக்கும். சூடு அளவுக்குக் கீழே போனால், "எங்கோ கோளாறு" என்று எந்திரம் தானே நின்றுவிடும். தீப்பிடிக்காமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் பாதி இதயத்தோடு நின்றது.

சட்டை இல்லாவிட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. கசியும் பிளாஸ்டிக் கட்டியில் ஒட்டி, அடிப்பிடித்த பாயசம் போலக் கருகும். அது சில நேரம் பொருளின் மேல் உதிர்ந்து விழும். சில நேரம் சூடு பார்க்கும் மெல்லிய கம்பியையே மூடிக்கொள்ளும்.

"கடையில் வாங்கினால் என்ன?" என்றேன்.

"இந்த மாதிரி எந்திரம் இப்போ விற்பனையில் இல்லைங்க. சட்டையும் வரலை" என்றார் நண்பர். "மிக்சிப் பற்சக்கரம், தண்ணிக் குழாய் மூடின்னு அக்கம்பக்கத்துக்காரங்க கேட்டு வர்றாங்க. இத்தனூண்டு ரப்பருக்காக எந்திரத்தை மூலையில் போடச் சொல்றீங்களா?"

நாமே செய்துவிடுவது என்று முடிவாயிற்று.

தவளையில் பிறந்த எந்திரம்

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை. அமெரிக்காவில் ஸ்காட் கிரம்ப் என்று ஒரு எஞ்சினீயர். 1988-ல் தன் சின்ன மகளுக்கு ஒரு பொம்மைத் தவளை செய்து தர விரும்பினார். சூடாகப் பசை பீய்ச்சும் துப்பாக்கியை எடுத்து, சுற்றுச் சுற்றாகப் பிழிந்து தவளை செய்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த முறை! மறு ஆண்டே அதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். அந்த உரிமை 2009-ல் முடிந்தது. அதன் பிறகுதான் எந்திரத்தின் விலை வீழ்ந்தது.

அதற்கு முன்பே, 2005-ல், இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் போயர் ஒரு வேலையைத் தொடங்கினார். "எந்திரம் தன் உறுப்புகளைத் தானே செய்துகொண்டால் என்ன?" என்பது அவர் கேள்வி. அதற்கு ஏற்ப ஓர் எந்திரம் செய்து, படங்களை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2008-ல் அந்த எந்திரம், தன்னைப் போன்ற இன்னோர் எந்திரத்துக்கு வேண்டிய பிளாஸ்டிக் உறுப்புகளைச் செய்து கொடுத்தது. குட்டி போட்ட எந்திரம் என்று சொல்லலாம் அல்லவா?

நம் தமிழ்நாடும் சும்மா இல்லை. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021-ல் இதே தத்துவத்தில், சிமெண்டுக் கலவையைப் பிழிந்து ஒரு வீட்டையே கட்டித் திறந்தார்கள்!

போகட்டும். சட்டைக்கு வருவோம்.

மணலில் பிறந்த ரப்பர்

மரத்துப் பாலில் செய்யும் ரப்பர் 200 டிகிரியில் நிற்காது. நாற்றம் எடுத்துக் கெட்டுப்போகும். இதற்குச் சிலிக்கோன் ரப்பர் வேண்டும். மணலில் உள்ள சிலிக்கான் என்ற பொருள்தான் இதற்கு மூலம். 200 டிகிரிக்கு மேலும் இது அசையாது. தனிவகைச் சிலிக்கோன் 300 டிகிரியைக்கூடத் தாங்கும். 1969-ல் சந்திரனில் மனிதன் வைத்த முதல் காலடி, சிலிக்கோன் ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியால் வைத்ததுதான். உங்கள் வீட்டுக் குக்கரில் உள்ள கேஸ்கெட்டும் சிலிக்கோனாக இருக்கலாம்.

முதலில் அச்சு வேண்டும். கொழுக்கட்டை அச்சு போல, வெளி அச்சு ஒன்று, உள் அச்சு ஒன்று. உள் அச்சு, சூட்டுக் கட்டியின் அளவே இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் சிலிக்கோன் நிரம்பி இறுகினால் அதுவே சட்டை!

அச்சை யார் செய்வது? படுத்துக் கிடந்த அதே எந்திரம்தான்! விசிறியை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டினார் நண்பர். இதயம் போன்ற நுணுக்கமான பொருளுக்கு விசிறி இல்லாமல் முடியாது. பெட்டி போன்ற அச்சுக்குச் சமாளிக்கலாம். தன் சட்டைக்குத் தானே அச்சு வார்த்தது எந்திரம். நண்பரின் தாயார் எட்டிப் பார்த்து, "நோயாளியே கஷாயம் காய்ச்சுற மாதிரி இருக்கே!" என்றார்.

இரண்டு தோல்விகள்

நாமக்கல் லாரிகளுக்குப் பேர்போன ஊர். லாரி உதிரிபாகக் கடைகளில் எஞ்சினுக்குப் பூசும் சிவப்புச் சிலிக்கோன் பசை கிடைக்கும். எஞ்சின் சூட்டையே தாங்குகிறதே, இது போதாதா என்று ஒரு குழாய் வாங்கி வந்திருந்தார் நண்பர். அச்சுக்குள் வாசலின் தடவி, பசையை அப்பி மூடினோம்.

மறுநாள் திறந்தோம். ஓரத்தில் மட்டும் ஏடு கட்டியிருந்தது. உள்ளே கூழ்!

காரணம் பிறகு புரிந்தது. அந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். மூடிய அச்சுக்குள் காற்று ஏது? திறந்த இடத்தில் மெல்லிய பூச்சாகப் பூசினால் இறுகும். அச்சில் வார்க்க அது ஆகாது.

ஆகவே இரண்டு புட்டிச் சிலிக்கோனுக்கு எழுதிப் போட்டோம். 'ஏ' என்று ஒரு புட்டி, 'பி' என்று ஒரு புட்டி. இரண்டையும் கலந்தால் காற்று இல்லாமலே இறுகும். இதில் மலிவாக ஒரு வகை உண்டு. அதில் வெள்ளீயச் சேர்க்கை இருக்கும். அது இத்தனை சூட்டில் நாளடைவில் கெட்டுவிடும். பிளாட்டினச் சேர்க்கை உள்ளதுதான் இதற்குச் சரி. பார்சல் வர நான்கு நாள் ஆயிற்று. எனக்கும் மலைக்காற்று பிடித்திருந்தது, தங்கிவிட்டேன்.

ஆளுக்குப் பத்துக் கிராம் என்று சமமாக நிறுத்து, காகிதக் கோப்பையில் கலந்தோம். கையில் ஒட்டக் கூடாது என்று நான் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டேன். உள் அச்சை நானே விரலால் துடைத்து, வழித்து, அழுத்தி வைத்தேன். பெரிய நிபுணன் என்று நினைப்பு!

காலையில் சட்டை இறுகியிருந்தது. ஆனால் நான் தொட்ட இடமெல்லாம் பிசுபிசு என்று பலாப்பால் போல் ஒட்டியது.

சிறுமிதான் புட்டியின் மேல் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். "கந்தகம் பட்டால் இறுகாதுன்னு போட்டிருக்கு, மாமா. கையுறையில் கந்தகம் இருக்குமா?"

இருக்கும்! மரப்பால் ரப்பரைப் பதப்படுத்துவதே கந்தகத்தால்தான். அதன் சுவடு பட்டாலே பிளாட்டினச் சிலிக்கோன் முரண்டு பிடிக்கும். பத்து நாளில் ஆறு நாள் போயிருந்தது. சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

அடை காத்த தட்டு

மூன்றாம் முறை என்னை எட்டி நிற்கச் சொல்லிவிட்டார்கள்!

அச்சைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தார்கள். சாதாரணப் பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டார் நண்பர். கலக்கும்போது குமிழி வராதபடி, பாயசம் கிண்டுவது போல நிதானமாகக் கிண்டினார். கோப்பையை ஒரு முழம் உயரத் தூக்கி, நூல் போல மெல்லிய தாரையாக, அச்சின் ஒரே மூலையில் ஊற்றினார். தாரை மெலியும்போது குமிழிகள் உடைந்துவிடும். சிலிக்கோன் தானே பரவி, காற்றை மேலே தள்ளிக்கொண்டு ஏறும். பிறகு அச்சை மேசையில் பத்து முறை தட்டினார். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து வெடித்தன. கடைசியில் உள் அச்சை, ஒரு பக்கம் சாய்த்து மெல்ல இறக்கினார்.

இன்னொரு சிக்கல். மலையில் இரவில் குளிர் அதிகம். குளிரில் சிலிக்கோன் மெதுவாகத்தான் இறுகும். அடுப்படியில் வைக்கலாமா? கூடாது, பி.எல்.ஏ. அச்சு 60 டிகிரியை நெருங்கினாலே இளகும்.

எந்திரத்தின் தட்டுக்கும் சூடு ஏற்றலாம். அதை 45 டிகிரியில் நிறுத்தி, அச்சை அதன் மேல் வைத்து, ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடினோம். கோழி அடை காப்பது போல எந்திரம் தன் சட்டையை அடை காத்தது! நண்பரும் நானும் மாறி மாறி விழித்திருந்தோம். சூடு ஏறிய எந்திரத்தைத் தனியே விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. வீட்டில் இத்தகைய எந்திரம் வைத்திருப்பவர்கள் இதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அச்சைப் பிரித்தோம். நீல நிறத்தில், விரல் நுனி அளவுக்கு, ஒரு சட்டை! ஓரத்தில் இரண்டு சிறு குமிழி. மற்றபடி பழுதில்லை. சிலிக்கோன் இழுத்தால் நீளும் அல்லவா? அதனால் வாழைப்பழத் தோலைப் போல உள் அச்சிலிருந்து உரித்து எடுத்தாயிற்று.

எந்திரம் நன்றாக ஆறியிருந்தது. சூட்டோடு மாட்டினால் விரல் போய்விடும். சிறுமியின் சின்ன விரல்கள்தான் அந்த இடத்துக்குள் நுழைந்தன. நான்கு மூலையிலும் உதட்டை இழுத்துக் கட்டிக்கு மேலே மாட்டினாள். நண்பர் சன்னலைத் திறந்து வைத்தார். முதல் சூட்டில் லேசாக வாடை வந்தது. கால் மணியில் போய்விட்டது.

200 டிகிரி. விசிறி முழு வேகத்தில் சுற்றியது. எண் 199-க்கு இறங்கியது. மறுபடி 200-க்கு ஏறியது. அங்கேயே நின்றது.

பாதி இதயத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, முதல் சுற்றிலிருந்து தொடங்கினார்கள். எட்டு மணி நேர வேலை. நான் மதியப் பஸ்சைப் பிடிக்க வேண்டும். கிளம்பும்போது 170-வது சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

கண்காட்சி முடிந்த பிறகு நண்பர் பேசினார். இதயம் போய்ச் சேர்ந்ததாம். மீந்த சிலிக்கோனில் இன்னும் மூன்று சட்டை வார்த்து, அச்சோடு சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார்களாம். டப்பாவின் மூடியில் சிறுமி எழுதி ஒட்டியிருக்கிறாளாம்: "ரப்பர் கையுறை போட்டவர்கள் தொடக் கூடாது."