பௌதிகப் பரீக்ஷையும் பரங்கிமலைச் சங்கிலியும்

மாசி மாதம் பிறந்துவிட்டால், தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஒரு புதுவிதமான பாராயணத்தைக் கேட்கலாம். கந்த சஷ்டி கவசம் அன்று. விஷ்ணு சகஸ்ரநாமமும் அன்று. "ஃபாரடே விதி, லென்ஸ் விதி" என்று முணுமுணுத்தபடி பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து புத்தகத்தைப் பார்ப்பார்கள். மறுகணம் அதையும் மூடிக்கொள்வார்கள். நம் பாட்டனார் காலத்தில் பௌதிகம் என்று வழங்கி, இன்று இயற்பியல் என்று பெயர் பூண்டிருக்கும் சாஸ்திரத்தைப் பல வருஷமாகச் சொல்லிக் கொடுத்துவரும் எனக்கு, அவர்களை எழுப்பி, "குழந்தாய், ஜன்னலுக்கு வெளியே பார்!" என்று சொல்லத் தோன்றும்.

வெளியே என்ன இருக்கிறது? தலைக்கு மேலே ஒரு கம்பி ஓடுகிறது. 1931-ஆம் வருஷம் இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அந்தக் கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் பாய்ந்தது. 1960-களின் பிற்பகுதியில் அதை மாற்றி 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக்கினார்கள். ஏன் மாற்றினார்கள்? பரீக்ஷையில் அடிக்கடி தலைகாட்டும் கேள்விதான் இது. "மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டுசெல்ல உயர்ந்த மின்னழுத்தம் ஏன்?" என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள், "திறன் இழப்பு குறையும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். எழுதியது பிழையன்று. ஆனால் எவ்வளவு குறையும், எதனால் குறையும் என்பது அதில் இல்லையே!

ஒரு பேச்சுக்கு, வண்டிக்கு 500 கிலோவாட் திறன் வேண்டும், கம்பியின் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் வரும். 25,000 வோல்ட்டில் அது 20 ஆம்பியர். 1,500 வோல்ட்டிலோ சுமார் 333 ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், கம்பி சூடேறி வீணாகும் திறன் கிடைக்கும். முன்னதில் வெறும் 800 வாட். பின்னதில் 222 கிலோவாட். அதாவது அனுப்பியதில் பாதிக்குச் சற்றுக் குறைவு வழியிலேயே போய்விடும்! இந்த நாலு வரிக் கணக்கை ஒரு தடவை தன் கையால் போட்டுப் பார்த்த பிள்ளை அந்த விடையை ஆயுளுக்கும் மறக்காது. பாராயணம் செய்த பிள்ளை பரீக்ஷை மண்டபத்து வாசலிலேயே மறந்துவிடும்.

ஆனால் புரிந்துகொண்டால் மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அப்படி எண்ணி நான் ஒரு பையனைக் கெடுத்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் படித்தவன் அவன். கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து விடையைச் சொல்லிவிடுவான். "பேஷ்!" என்று வகுப்பறிய மெச்சினேன். எனக்கு அது பெருமை, அவனுக்கும் பெருமை. பொதுப் பரீக்ஷையில், கட்டாயமாக எழுதவேண்டிய மூன்று மார்க்குக் கணக்குக்கு அவன் ஒரே ஓர் எண்ணை மட்டும் எழுதிவிட்டு வந்தான். தசமப்புள்ளி ஓர் இடம் தள்ளிப்போயிருந்தது. பணம் கட்டி வாங்கிய விடைத்தாள் நகலை நானும் அவனும் அவன் தகப்பனாரும் சேர்ந்து பார்த்தோம். பக்கத்தில் ஒரு சுழி. "எனக்குத் தெரியும், சார்!" என்றான், கண் கலங்க. அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். திருத்தியவருக்கு எப்படித் தெரியும்?

திருத்துகிறவர் கையில் இருப்பது விடைக்குறிப்பு ஒன்றுதான். அப்படிப்பட்ட கணக்குக்கு வழக்கமாகச் சூத்திரத்துக்கு ஒரு மார்க்கு, எண்களை அதில் இட்டதற்கு ஒரு மார்க்கு, அலகோடு கூடிய விடைக்கு ஒரு மார்க்கு. அவன் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தால், புள்ளி தவறியபோதிலும் மூன்றில் இரண்டு கிடைத்திருக்கும். பொறியியல் சேர்க்கைத் தரவரிசையில் இயற்பியலின் 100 மார்க்கு 50-ஆகக் குறுக்கப்படுகிறது. ஆகவே அவன் விட்டது ஒரு மார்க்கு. அந்த ஒரு மார்க்கில் நூற்றுக்கணக்கானவர்கள் முந்திக்கொண்டார்கள். அவன் விரும்பிய கல்லூரி கிடைக்கவில்லை. இப்போது வேறிடத்தில் படித்து நன்றாகவே இருக்கிறான். ஆனால் நான் அன்றிலிருந்து எந்தப் பிள்ளையையும் மனக்கணக்குக்காக மெச்சுவதில்லை.

வழியை எழுதிக் காட்டுவது என்றால் என்ன என்பதற்கு, இதே ரயில்பாதையில் ஓர் உதாரணம் நிற்கிறது. திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டியதும் வருகிறதே, பரங்கிமலை! 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்பவர் அந்த மலையடியிலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைலுக்குச் சற்று அதிகம். கையிலிருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதை 400 தடவை மாற்றி மாற்றி வைத்து அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று.

ஏழரை மைலுக்கு 57 நாளா என்று சிரிக்க வேண்டாம். சித்திரை வெயிலில் எஃகு நீளும். சூடு 10 டிகிரி ஏறினால் 100 அடிச் சங்கிலி ஏறக்குறைய ஏழில் ஓர் அங்குலம் நீண்டுவிடும். அற்பம்தான், ஆனால் 400 தடவை சேர்ந்தால் ஐந்தடிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது! அதனால் சங்கிலியோடு வெப்பமானிகளை வைத்து, சூட்டைக் குறித்துத் திருத்தம் செய்தார்கள். பின்னால் இமயம் வரை போன முக்கோண அளவைக்கு அந்தக் கோடுதான் அஸ்திவாரம். கும்பெனியார் தங்கள் ராஜ்யத்துக்காகச் செய்த காரியம்தான், சந்தேகமில்லை. ஆயினும், 1852-இல் உலகத்தின் உயர்ந்த சிகரம் இதுவே என்று கணக்கிட்டுச் சொன்னவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். பலர் பல இடங்களில் எடுத்த அளவுகளும் திருத்தங்களும் வரிசையாக எழுதப்பட்டிருந்ததால் அவரால் அது முடிந்தது. சிகரத்துக்கு மட்டும் எவரெஸ்ட் துரையின் பெயரை வைத்தார்கள்!

இனி, கேள்வித்தாளைப் பற்றிச் சிறிது. இப்போதுள்ள முறைப்படி எழுத்துத் தேர்வுக்கு 70 மார்க்கு. 3 மணி நேரம். அதற்கு முன்னால் தாளைப் படிப்பதற்கென்றே 10 நிமிஷம் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் கட்டாயக் கேள்விகளைத் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டு மார்க்குப் பகுதியில் ஒன்று, மூன்று மார்க்குப் பகுதியில் ஒன்று, பெரும்பாலும் கணக்குகள். ஒன்பதில் ஆறு எழுதினால் போதும் என்ற நினைப்பில் கட்டாயக் கேள்வியை விட்டுவிட்டு வருகிறவர்கள் வருஷந்தோறும் இருக்கிறார்கள். ஒரு மார்க்குக் கேள்விகளில் எழுத்தையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் மார்க்கு இல்லை. படத்தைப் பென்சிலால் போட வேண்டும். ஒளிக்கதிருக்கு அம்புக்குறி வேண்டும். அம்புக்குறி இல்லாத கதிர் வெறும் கோடு. எங்கிருந்து எங்கே போகிறது என்று யார் கண்டார்கள்?

தமிழில் எழுதினால் மார்க்கு குறையுமோ என்று சில பெற்றோர்கள் என்னிடம் இரகசியமாகக் கேட்பதுண்டு. கேள்வித்தாள் இரண்டு மொழியிலும்தான் வருகிறது. தமிழில் சிந்திக்கிற பிள்ளை தமிழில் எழுதினால், மனப்பாடம் செய்த வாக்கியம் பாதியில் அறுந்து போனாலும் சொந்த வாக்கியத்தால் முடித்துவிடுகிறது. ராஜாஜி திண்ணையில் உட்கார்ந்து ரசாயனத்தையே தமிழில் சொன்னாரே, நமக்கு என்ன கூச்சம்?

வீட்டில் இருப்பவர்களுக்குப் பௌதிகம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து ஒரு கணக்கை எழுதச் சொல்லி, இரண்டு கேள்வி கேட்டால் போதும்: இந்த வரி எந்த வரியிலிருந்து வந்தது? இந்த எண்ணுக்கு அலகு எங்கே? குரோம்பேட்டையில் ஓர் அம்மாள் இதைச் சிரத்தையாகச் செய்துவருகிறார். அவருடைய பெண் என் வகுப்பில் படிக்கிறாள். போன வாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு முறையிட்டாள்: "அம்மாவுக்கு ஓம் விதிகூடத் தெரியாது, சார். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, 'அலகு எங்கேடி, அலகு எங்கேடி?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்!"