தனித்து நின்று படமெடுத்த மாயா டெரன்

திரைப்படம் என்றதும் பெரும் பொருட்செலவும், பெயர்பெற்ற நடிகர்களும், பரந்த படப்பிடிப்பு நிலையங்களும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. இவை யாதுமின்றி ஒருவர் படம் எடுத்தல் கூடுமா? எடுப்பின் அது கலை எனப்படுமா? இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக அளித்தவர் மாயா டெரன் என்னும் அம்மையார்.

இவர் 1917 ஆம் ஆண்டு கீவ் நகரிற் பிறந்தவர். 1922 இல் இவரது குடும்பம் அமெரிக்காவிற் குடியேறியது. ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற இவர், கதரின் டன்ஹம் என்னும் நடன மாதிடம் செயலாளராகப் பணிபுரிந்தார். பின்னர் அலெக்சாந்தர் ஹம்மித் என்னும் செக் நாட்டுப் படக் கலைஞரை மணந்தார். 1943 இல் தந்தையார் காலமானார். அவர் விட்டுச்சென்ற பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு, பிறர் பாவித்த 16 மில்லிமீற்றர் கமரா ஒன்றை வாங்கினார்.

அவ்வாண்டிலேயே கணவரும் மனைவியுமாகத் தம் இல்லத்தில் எடுத்த படமே ‘பிற்பகலின் வலைகள்’. பதினான்கு நிமிடமே ஓடும் இக்குறும்படத்தில் நடித்தோரும் அவ்விருவரே. நாற்காலியில் உறங்கும் பெண்ணொருத்தியின் கனவே கதை. திறவுகோல், கத்தி, மலர் ஆகிய எளிய வீட்டுப் பொருள்களே அதில் அச்சமூட்டும் உருக்கொள்கின்றன.

இப்படத்தின் ஓரிடம் கவனித்தற்குரியது. கத்தி ஏந்திய பெண் சில அடிகளே நடக்கிறாள். ஓரடி கடல்மணலில் விழுகிறது, மற்றோரடி புல்லில், பிறிதோரடி நடைபாதையில், இறுதியடி அறைக் கம்பளத்தில். வெவ்வேறு இடங்களில் எடுத்த துண்டுகளை, நடையின் ஓட்டம் தடைப்படாவண்ணம் ஒட்டியதே இதன் சூட்சுமம். அசைவு தொடருமாயின் நம் கண் இடமாற்றத்தையும் ஏற்றுக்கொள்கிறது. நாடக மேடையால் இயலாத இவ்வித்தைக்குக் கத்தரிக்கோலும் பொறுமையுமே போதியனவாயின. 1945 இல் எடுத்த நடனப் படமொன்றிலும், காட்டிற் காலைத் தூக்கும் நடனக் கலைஞர் வீட்டினுள்ளே அதனை ஊன்றுகிறார்.

படம் எடுத்தாயிற்று, காட்டுவார் யார்? 1946 இல் நியூயோர்க்கில் சிறிய நாடக அரங்கொன்றைத் தாமே வாடகைக்கு அமர்த்தி, மூன்று படங்களைத் திரையிட்டார். அரங்கு நிறைந்தது. அவ்வாண்டே குகன்ஹைம் உதவிநிதி கிடைத்தது. 1947 இல் கான் விழாவிற் பரிசும் பெற்றார்.

ஆயினும் சுதந்திரத்துக்கு விலையுண்டு. உதவிநிதியுடன் ஹெய்ட்டி நாட்டுக்குச் சென்று, அங்குள்ளார் வழிபாட்டையும் நடனத்தையும் ஆயிரக்கணக்கான அடி நீளத்திற் படம் பிடித்தார். 1953 இல் அதுபற்றி நூலொன்று வெளியிட்டார், படத்தையோ முடித்தாரல்லர். 1961 இல் தமது நாற்பத்துநான்காம் வயதிற் காலமானபோது அச்சுருள்கள் முடிவுறாமலே கிடந்தன. பிறரே பின்னர் அவற்றைத் தொகுத்தனர். பிற்பகற் கனவோ 1990 இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

‘அமெச்சூர்’ என்னும் சொல்லின் வேர்ப்பொருள் அன்புடையோன் என்பதை அம்மையார் எடுத்துக்காட்டுவதுண்டு. ஊதியத்துக்காகவன்றி, விருப்பத்தாற் செய்பவனுக்கே முயன்று பார்க்கும் உரிமை முழுமையாக உண்டென்பது அவர் கொள்கை. கருவி சிறிதென்று தயங்கும் நம் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக. முடிவுறாது கிடந்த அச்சுருள்களையும் மறவாதிருப்பாராக.