கெர்னல் மாட்யூல் ஏறவில்லையா? பாதுகாப்பை அணைக்க வேண்டாம்

லினக்ஸ் கணினியைப் புதுப்பித்து மறுபடி தொடங்கியதும் வைஃபை காணாமல் போகிறது. அல்லது என்விடியா கிராபிக்ஸ் கார்டு வேலை செய்வதில்லை. பெரும்பாலும் கார்டு பழுதாகியிருக்காது. அதை இயக்கும் கெர்னல் மாட்யூல் ஏறியிருக்காது. உடனே யாராவது, "செக்யூர் பூட்டை அணைத்துவிடு" என்பார்கள். பொறுங்கள். நம்பகமற்ற மாட்யூலைத் தடுக்கும் காவல் அது.

மாட்யூல் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே, அதன் முழு அதிகாரத்தோடு ஓடுவது. அந்த மட்டத்தில் நேரும் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பழுதான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அது தவறுதலாக நேர்ந்தது. முகம் தெரியாதவர் கொடுத்த மாட்யூலில் தீய நோக்கமே இருந்தால், கடவுச்சொல் முதல் கோப்புகள் வரை எல்லாம் அவர் கைக்குப் போய்விடும்.

முதலில் டிமெஸேஜ் கட்டளையைக் கொடுத்து, கெர்னல் சொல்வதைப் படியுங்கள். மாட்யூலின் வடிவம் செல்லாது என்றால், பெரும்பாலும் அது வேறு கெர்னல் பதிப்புக்காகக் கட்டப்பட்டது. இப்போது ஓடும் கெர்னலுக்குரிய ஹெடர் தொகுப்பை நிறுவி, டிகேஎம்எஸ் கருவி வழியாக மறுபடி கம்பைல் செய்யுங்கள். அவசரமென்றால் கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். அறியாத சிம்பல் என்றால், துணை மாட்யூல் ஏறாமல் இருக்கலாம். இன்ஸ்மாட் கட்டளை அதைத் தேடாது, மோட்புரோப் கட்டளை தேடி ஏற்றும். ஃபோர்ஸ் போட்டு ஏற்றவே ஏற்றாதீர்கள். பதிப்புச் சோதனையை மீறி ஏற்றினால் தரவே கெட்டுப்போகலாம்.

பலரைத் தடுமாற வைப்பது, சாவி நிராகரிக்கப்பட்டது என்ற செய்தி. செக்யூர் பூட் இயங்கும்போது, நம்பகமான சாவியால் கையொப்பமிடாத மாட்யூலை உபுண்டு, ஃபெடோரா போன்றவை ஏற்பதில்லை. ஆனால் கணினி உங்களுடையது. எந்தச் சாவியை நம்பலாம் என்று தீர்மானிக்கும் உரிமையும் உங்களுடையது. அதற்காகவே மோக் என்ற உரிமையாளர் சாவி ஏற்பாடு இருக்கிறது. உபுண்டுவில் டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரை சில நொடிகளே காத்திருக்கும். பலரும் பயந்துபோய், தொடர்க என்பதை அழுத்திவிடுகிறார்கள், சாவி பதிவாவதில்லை. சாவியைப் பதிவுசெய்யும் தேர்வுக்குப் போய் அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். தவறவிட்டிருந்தால் மோக்யூட்டில் கட்டளையால் பதிவை மறுபடி தொடங்கலாம். நீங்கள் எதையும் நிறுவாமலே அந்தத் திரை வந்தால் மட்டும் எதையும் பதிவுசெய்யாதீர்கள்.

இன்னொரு உரிமையும் உண்டு. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் 2 உரிமத்தில் வருவது. லினக்ஸ் போட்ட கருவியை விற்பவர், கேட்டால் அந்தக் கெர்னலின் மூலநிரலைத் தரக் கடமைப்பட்டவர். அது இல்லாமல் மாட்யூலைக் கட்ட முடியவில்லை என்றால், தயங்காமல் எழுதிக் கேளுங்கள்.